கேட்காமல் குடிவந்தது

எங்கள் கடைக்குப் பெயர்ப் பலகை இரண்டு, கதவு ஒன்று. உள்ளே நுழைந்தால் இடது பக்கம் நான்: பூட்டு, சாவி, நகல் சாவி. வலது பக்கம் அக்கா: மனு, கடிதம், விண்ணப்பம், ஆன்லைன் பதிவு. நடுவில் என் தோள் உயரத்துக்கு ஒட்டுப்பலகைத் தடுப்பு. ஒன்பது வருடமாக அக்கா இருமினால் நான் தடுப்புக்கு மேலே தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறேன். எனக்குப் பூட்டு படியாமல் வாயில் கெட்ட வார்த்தை வந்தால் அவர் பலகையைத் தட்டுகிறார்.

அக்கா என்கிறேனே தவிர, என்னைவிட மூன்று வயது இளையவர். ஊரே அக்கா என்னும்போது நான் மட்டும் பிறந்த தேதியைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். இப்படி ஒரு உறவு முறையை எங்கேயும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவருடைய முழுப் பட்டம் ‘அழிச்சாச்சு அக்கா’.

அந்தப் பட்டம் அவருடைய தொழில் முறையால் வந்தது. எழுதத் தெரியாதவர்கள் வருவார்கள். எழுதத் தெரிந்தும் சொந்த விஷயம் என்றால் கை ஓடாதவர்கள் அதைவிட அதிகமாக வருவார்கள். அக்கா ஒரு சின்ன மைக்கை அவர்கள் கையில் கொடுத்துப் பேசச் சொல்வார். அவர்கள் பேசி முடித்த பிறகுதான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வார். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்தால் அவர் பாதியிலேயே வாயை மூடிக்கொள்வார் என்பது அக்காவின் கட்சி. கடிதத்தை அச்செடுத்து, படித்துக் காட்டி, கையில் கொடுத்த பிறகு கம்ப்யூட்டர் திரையை வந்தவர் பக்கம் திருப்புவார். குரல் பதிவையும் கடிதத்தையும் அவர் கண்ணெதிரிலேயே நீக்குவார். குப்பைத் தொட்டியையும் காலி செய்வார். “அழிச்சாச்சு” என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே பக்கத்துத் தெருவிலிருந்து, அங்கே இருக்கிற பெரிய கடையைத் தாண்டிக்கொண்டு, ஆட்கள் இங்கே வந்தார்கள்.

இதில் என் பங்கும் உண்டு. அக்காவின் எதிரே ஒருவர் உட்கார்ந்து தொண்டையைச் செருமியதும் நான் சாவி வெட்டும் மெஷினைப் போட்டுவிடுவேன். வேலை இருக்கிறதோ இல்லையோ, ஒரு வீணான சாவியை எடுத்து ராவிக்கொண்டே இருப்பேன். மைக்கை வாயருகே பிடித்தால் என் இரைச்சல் அவ்வளவாக ஏறாது என்று அக்கா சொல்வார். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் தடுப்புக்கு இருப்பது என் காது இரண்டும்தான், அவற்றை நானே அடைத்துக்கொள்கிறேன். இப்படி ராவியதில் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவிகள் என் டப்பாவில் இரண்டு கிலோ சேர்ந்துவிட்டன.

மாலையில் ஷட்டரை இறக்குவதற்கு முன் அக்கா இன்னொரு வேலை செய்வார். கம்ப்யூட்டரில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து, அந்த எண்ணை எனக்குக் கேட்கும்படி சொல்வார். பழைய மெஷின், சின்ன டிஸ்க். “இருபத்தொண்ணு புள்ளி நாலு.” நான் “சரி” என்பேன். புள்ளிக்குப் பின்னால் வருவது அப்படி இப்படி ஆடும். முன்னால் இருக்கிற இருபத்தொன்று பல காலமாக அசையவில்லை. வீட்டைப் பெருக்கி முடித்தவர்கள் வாசல்படியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்களே, அந்த மாதிரிதான் அக்கா அந்த எண்ணைப் பார்ப்பது.

இவ்வளவு சுத்தம் ஏன் என்று ஒரு மழை நாளில், ஈ காக்கை வராத நேரத்தில், அவரே சொன்னார். இருபத்தொன்பது வயதில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே தன் தங்கைக்குக் கடிதம் எழுதினார். கணவர் அடிப்பதில்லை, குடிப்பதில்லை, ஆனால் இந்த வீட்டில் நான் பேசினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நேற்று கண்ணாடியிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று எழுதினார். அச்செடுத்தார், தபாலில் போட்டார், கம்ப்யூட்டரில் இருந்ததை அழிக்க மறந்துவிட்டார். மறுநாள் மேலாளர் அதைக் கண்டுபிடித்து, எல்லோரும் சாப்பிடுகிற இடத்தில் நின்று உரக்கப் படித்தார்.

“கண்ணாடிகிட்ட என்ன பேசுனீங்க மேடம்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் அண்ணே. அதை நெனச்சாத்தான் இப்பவும் வயிறு எரியுது.”

அந்த மாதமே அலுவலகத்தையும் விட்டார், வீட்டையும் விட்டார். தங்கை வீட்டுக்கு வந்தவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். மற்றவர்களின் கடிதங்களை எழுதுகிறார். தனக்கென்று அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதியதில்லை.

பகலில் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை எங்கள் கடை தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல இருக்கும். கண்ணாடிக் கதவு வழியாக வெயில் சாய்ந்து விழும். என் மெஷினிலிருந்து கிளம்பிய பித்தளைத் தூள் அந்த வெளிச்சத்தில் இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரியாமல் மிதக்கும். தெருவில் போகிறவர்களின் நிழல் தடுப்பின் மேல் ஊர்ந்து, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய் மறையும். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்தபடியே தூங்குவார். விழித்ததும் கண்ட கனவை எனக்குச் சொல்வார். எனக்கே இப்போது சில நேரம் குழப்பமாகிவிடுகிறது, நான் கண்ட கனவு எது, அவர் சொன்னது எது என்று.

அப்படி ஒரு திங்கட்கிழமை மதியம், மூன்று மணி இருக்கும், காலர்காரம்மா வந்தார். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவர். “பதினாறு வருஷமா தைக்கிறேன், முழுசா ஒரு சட்டை தைச்சதில்லை” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. தொண்டையைச் செருமினார். நான் மெஷினைப் போட்டேன். அவர் என்ன சொன்னார் என்பதைப் பிற்பாடு அவர் வாயாலேயே கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருடைய கம்பெனியில் பெண்கள் சாப்பிடுவதற்கும் உடை மாற்றுவதற்கும் ஒரு அறை இருக்கிறது. அங்கே அலமாரிக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்திவிட்டார்கள். ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோரு பெண்கள் போய் மேற்பார்வையாளரைக் கேட்டதற்கு, “உங்க பாதுகாப்புக்குத்தானேம்மா” என்றாராம். அடுத்த திங்கட்கிழமை தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். அதற்குள், வெள்ளிக்கிழமைக்குள், புகார் அங்கே போய்ச் சேர வேண்டும். அதற்கு முன்னால் கம்பெனியின் காதில் விழுந்தாலும் பதினோரு பேரும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

அக்கா கேட்டார், தட்டச்சு செய்தார், படித்துக் காட்டினார். திரையைத் திருப்பினார். “அழிச்சாச்சு.” காலர்காரம்மா மூன்று பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மற்றவர்களிடம் காட்டிவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனார். ஆன்லைன் படிவத்தில் ஏற்றும் வேலை மட்டும் பாக்கி.

அன்று மாலை அக்கா எண்ணைச் சொன்னார். “பதினேழு புள்ளி மூணு.”

பழக்க தோஷத்தில் “சரி” என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

“நாலு ஜிபி போச்சு அண்ணே.”

“போனா என்ன? எங்கேயாச்சும் இருக்கும்.”

“அதான் பயம்” என்றார்.

கம்ப்யூட்டர் தெரிந்த வேறு யாராவது என்றால் ஏதோ அப்டேட் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்பது வருடம் அழிப்பதையே தொழிலாகச் செய்தவருக்கு, காணாமல்போன இடம் என்றால் அழியாமல் கிடக்கும் குரல் என்றுதான் அர்த்தம். கடிதம் கடுகளவு இடம்தான் பிடிக்கும், குரல்தான் கனமானது, நான்கு ஜிபி என்றால் எழுபது மணி நேரப் பேச்சு என்று என்னிடம் விரல் மடக்கிச் சொன்னார். தான் அழித்த குரலெல்லாம் அழியவே இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்து, இன்றைக்குத்தான் கணக்கில் தலைகாட்டியிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதுவுமே ஓடாத கம்ப்யூட்டரைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன கேக்குது?”

“ஒண்ணும் கேக்கலை. ஆனா யாரோ பேசாம இருக்கற மாதிரி இருக்கு” என்றார்.

மறுநாள் காலை கடையைத் திறந்தபோதே கனவோடு வந்தார். தங்கை வீடுதான், ஆனால் சமையலறைக்குப் பின்னால் இதுவரை இல்லாத ஓர் அறை. உள்ளே வெளிச்சம் இருக்கிறது, விளக்கு இல்லை. ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருக்கிறார். தரை ஈரமாக, வழவழவென்று, நடந்தால் சத்தமே வரவில்லை.

“நான் ‘நீங்க’ன்னு ஆரம்பிச்சேன். அது ‘எப்ப வந்தீங்க’ன்னு முடிச்சுச்சு. நான் கேக்க வந்ததும் அதேதான். ஆனா பதில் சொல்லலை அண்ணே. என் கேள்வியை முடிச்சுக் கொடுத்துட்டு மறுபடி படிக்க ஆரம்பிச்சிடுச்சு.”

செவ்வாய்க்கிழமை மதியம் காலர்காரம்மா வந்தார். அக்கா பிரவுசரைத் திறந்து, தொழிலாளர் துறையின் படிவத்தை எடுத்து, புகார் என்று போட்ட கட்டத்தில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். ‘சாப்பிடும் அறையில் பாதுகாப்பு என்ற பெயரில் கேமரா வைத்த எங்கள் மேற்பார்வையாளர்’ என்று அடித்தார். அவர் கை நின்ற இடத்திலிருந்து, சாம்பல் நிறத்தில், தானாகவே எழுத்துகள் நீண்டன. ‘பணியாளர்களின் பாதுகாப்பில் மிகுந்த அக்கறை கொண்டவர்.’

அக்கா அடிக்கவில்லை. காலர்காரம்மா சொல்லவும் இல்லை. எதிரே இருந்ததால் அவருக்குத் திரை தெரியவில்லை. அக்கா ஒரு எழுத்தை அழித்தார், சாம்பல் வரி போயிற்று. மறுபடி அடித்தார், மறுபடி வந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்தபோது அவருடைய இரண்டு கையும் கீபோர்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டிருந்தன.

“இன்னைக்கு நெட்டு சரியில்லைம்மா. வியாழக்கிழமை வாங்க, முடிச்சிடலாம்” என்றார்.

காலர்காரம்மா எழுந்தார். போகாமல் நின்றார். எல்லோரும் காத்திருக்கிற அந்தச் சொல்லுக்காக அவரும் காத்திருந்தார்.

“இன்னைக்கு அடிச்சது அழிச்சாச்சுதானே அக்கா?”

“ம்” என்றார் அக்கா.

புதன்கிழமை காலை டாக்டரை வரவழைத்தோம். மனிதர்களுக்குப் பார்க்கிற டாக்டர் இல்லை. இந்தத் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். வந்ததும் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார், அதனால் அந்தப் பெயர். கால் மணி நேரம் எங்கெங்கோ நுழைந்து போய், பிரவுசருக்கு உள்ளே, அதற்கும் உள்ளே, பெயரைப் படித்தால் ஒன்றும் விளங்காத ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே ஒரு ஃபைல். நான்கு ஜிபி.

“குரலா?” அக்காவுக்குப் பேச்சே சரியாக வரவில்லை.

“குரலுமில்லை ஒண்ணுமில்லை. ஏஐ மாடல், நாம அடிக்கிறதுக்கு மீதியைத் தானா எழுதிக் கொடுக்கிறது. பிரவுசர் தானா இறக்கி வச்சிருக்கு. திங்கக்கிழமை ரெண்டு நாப்பத்தேழுக்கு.”

அது அக்கா தூங்கிக்கொண்டிருந்த நேரம். நானும் முக்கால்வாசி தூக்கத்தில்தான் இருந்திருப்பேன். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் காலர்காரம்மா உள்ளே வந்தார்.

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பதறிப்போனேன். “இல்லண்ணே, நான் அழிச்சதெல்லாம் அழிஞ்சுதான் போயிருக்கு” என்றார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தச் சந்தோஷம் இரண்டு நிமிடம் இருந்திருக்கும். பிறகு தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

“என்னைக் கேட்டுச்சா?”

“எங்கேயாச்சும் சம்மதம்னு அழுத்தியிருப்பீங்கக்கா.”

“நான் அழுத்தலை.”

“அழுத்தலைன்னாலும் அழுத்தின மாதிரிதான். எல்லார் மெஷின்லயும் இருக்கு. நல்லதுக்குத்தான், எழுத உதவி பண்ணும். பெட்டிக்குள்ளயேதான் இருக்கும், எதையும் வெளிய அனுப்பாதுன்னு சொல்றாங்க.”

“யாரு சொல்றாங்க?”

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். “வச்சவங்கதான்” என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே அப்படியே எழுத முடியாது, அக்கா பலகையைத் தட்டுவார். முப்பது வருடமாகப் பூட்டுத் திறக்கிறேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்காமல் ஒரு பூட்டிலும் கை வைத்ததில்லை. உள்ளே குழந்தை இருக்கிறது, அடுப்பு எரிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கெஞ்சியபோதுகூட, போனில் அந்த வீட்டுக்காரியின் ‘சரி’ என்ற குரலைக் கேட்ட பிறகுதான் கம்பியை உள்ளே விட்டேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் இடத்தையே கேட்கவில்லை. வீட்டுக்காரி தூங்குகிற நேரம் பார்த்துப் படுக்கையை விரித்திருக்கிறார்கள், கேட்டால் உனக்கு உதவிக்குத்தான் வந்தேன் என்கிறார்கள்.

டாக்டர் ஃபைலை நீக்கினார். இருபத்தொன்று வந்தது. அன்று மாலை அக்கா பார்த்தபோது மறுபடி பதினேழு. வியாழக்கிழமை காலை டாக்டர் திரும்ப வந்து, நாங்கள் ஆயுசு முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பக்கத்தில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி நீக்கினார். இந்தத் தடவை அது வரவில்லை.

“முடிஞ்சுது. இனி இதை யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காதீங்க” என்றார் டாக்டர். “சொன்னா பயந்துடுவாங்க. கடைக்கு ஆள் வராது.”

நானும் அதைத்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். “கேட்டிருக்காதுன்னுதானே சொல்றாங்க. அதான் போயிடுச்சே. இன்னைக்கு அவங்க வந்தா எழுதிக்கிட்டுப் போகட்டும். வேலியில போற ஓணானை எடுத்து ஏன் விட்டுக்கணும்?”

அன்று மதியம் அக்கா தூங்கவில்லை. வெளிச்சம் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அவர் கால்வரை வந்து, புடவைக் கரையில் ஏறி, மடியில் உட்கார்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். பயந்துபோய்க் காலர்காரம்மா புகாரே கொடுக்காமல் விட்டுவிட்டால்? நாள் ஒன்றுதான் மிச்சம். சொல்லாமல் விட்டாலோ, அவருடைய ‘அழிச்சாச்சு’ அன்றோடு செத்துப்போகும். வெளியே ஒருவருக்கும் அது செத்தது தெரியாது, அவ்வளவுதான்.

மூன்று மணிக்குக் காலர்காரம்மா வந்து உட்கார்ந்தார். நான் மெஷினைப் போட்டேன்.

“அண்ணே, அதை நிறுத்துங்க” என்றார் அக்கா.

நிறுத்தினேன். காது அடைத்துப்போன மாதிரி ஓர் அமைதி.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. திங்கக்கிழமை நீங்க பேசுனப்ப, செவ்வாய்க்கிழமை நாம அடிச்சப்ப, இந்தப் பெட்டிக்குள்ள நான் கூப்பிடாத ஒண்ணு இருந்துச்சு. பிரவுசர் கொண்டாந்து வச்சது. நீங்க சொன்னதை அது கேட்டுச்சா, எங்கேயாச்சும் சொல்லுச்சான்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னு சொல்றாங்க. அதை நான் என் கண்ணால பாக்கலை. இப்ப எடுத்தாச்சு. ஆனா அன்னைக்கு இருந்துச்சு.”

சாம்பல் எழுத்து எழுதிய வரியையும் மறைக்காமல் சொன்னார். காலர்காரம்மா அசையாமல் கேட்டார்.

“உங்களைக் கேட்டுச்சா?”

“கேக்கலை.”

“கேட்டிருந்தா?”

“வேணாம்னு சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கலை” என்றார் காலர்காரம்மா. “எங்க ரூம்லயும் அதனாலதான் கேக்கலை.”

பிறகு அவர் குரல் மாறியது. “செவ்வாய்க்கிழமை நான் கேட்டப்ப ‘ம்’னு சொன்னீங்களே அக்கா.”

“சொன்னேன். அது பொய்.”

அச்செடுத்த மூன்று பக்கத்தையும் காலர்காரம்மா மேசையிலிருந்து எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கண்ணாடிக் கதவு சாத்திக்கொள்ள வெகு நேரம் எடுத்துக்கொண்டது. அவருடைய நிழல் தடுப்பின் மேல் ஊர்ந்து போய் முடிந்தது. எனக்கு அக்கா மேல்கூடக் கோபம் வந்தது, பதினோரு பெண்களின் புகாரை இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டாரே என்று.

வெள்ளிக்கிழமை காலை நான் ஷட்டரைத் தூக்கும்போது வாசல்படியில் காலர்காரம்மா உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே வந்த அக்கா தெருவிலேயே நின்றுவிட்டார்.

“நேத்து இங்கிருந்து அந்தப் பெரிய கடைக்குத்தான் போனேன்” என்றார் காலர்காரம்மா, என்னைப் பார்த்து, அக்காவுக்குக் கேட்கும்படியாக. “உங்க மெஷின்ல இந்த மாதிரி ஏதாச்சும் குடிவந்திருக்கான்னு கேட்டேன். பேய்ப் படம் பாத்தீங்களாம்மான்னு சிரிச்சார். சிரிச்சுட்டே யாருக்கோ படிவம் அடிச்சுட்டு இருந்தார். அந்தச் சாம்பல் எழுத்து வர வர, இவர் பாட்டுக்குத் தட்டிட்டே போறார். நான் பாத்துட்டேன். அவருக்கு அது வருதுன்னே தெரியலை அண்ணே.”

அக்கா பக்கம் திரும்பினார். “உங்க மேல கோவம் போகலை. ஆனா எதுல என்ன இருக்குன்னு பாக்கத் தெரிஞ்சவங்க நீங்கதான். நான் நேர்லயே போய்ச் சொல்லப்போறேன். கூட வாங்க.”

அன்று ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, வேலை நாளில், எங்கள் ஷட்டர் தூக்கிய கையோடு இறங்கியது. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நானும் போனேன்.

பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே கட்டடங்களும் மரங்களும் ஒன்றின் மேல் ஒன்று கரைந்து போய்க்கொண்டிருந்தன. இரண்டு ராத்திரி சரியாகத் தூங்காத அக்கா, காலர்காரம்மாவின் தோளில் தலை சாய்ந்து தூங்கிவிட்டார். கோபம் போகாத காலர்காரம்மா, தோளை அசைக்காமல், எதிரே இருந்த கம்பியைப் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்து வந்தார். எனக்கு அந்த பஸ் எங்கும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் தேவலை என்று இருந்தது.

தொழிலாளர் அலுவலகத்தில் மூன்றாவது கவுன்டர். கண்ணாடி போட்ட ஒருவர், வயது நாற்பது இருக்கும், கடுகடுப்பும் இல்லை கனிவும் இல்லை. “ஆன்லைன்லயே போட்டிருக்கலாமே” என்றார். “நேர்ல சொல்லணும் சார்” என்றார் காலர்காரம்மா. பெயர் கேட்டார். காலர்காரம்மா ஒரு நொடி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பெயரை முழுதாகச் சொன்னார். அதுவரை எனக்கே அவர் பெயர் தெரியாது. அதை அங்கே சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும், அதனால் இங்கே அதைப் போட எனக்கு மனசு வரவில்லை.

கவுன்டரில் இருந்தவர் மூன்று பக்கத்தையும் வாங்கி மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் கம்ப்யூட்டரில் அடிக்க ஆரம்பித்தார். இரண்டு சொல் அடிப்பார், நிறுத்துவார், ஒரு பட்டனைத் தட்டுவார், வரி முழுதாக வந்து நின்றுவிடும். இரண்டு சொல், ஒரு தட்டு. வேலை வெகு வேகமாக நடந்தது. அக்கா கவுன்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எக்கினார். பக்கவாட்டில் தெரிந்த திரையை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், அந்த வரியை இவங்க சொல்லலை.”

“எந்த வரி?”

“கடைசி வரி. நீங்களும் அடிக்கலை சார். படிச்சுப் பாருங்க.”

அவர் எரிச்சலோடு திரையைப் பார்த்தார். உதட்டை அசைத்துப் படித்தார். நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார். “மேற்பார்வையாளர் பணியாளர்களின் பாதுகாப்பில்...” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கினார்.

“இது தானா வருதும்மா. கொஞ்ச நாளா வருது. நேரம் மிச்சமாகுதேன்னு...” என்றார்.

“எத்தனை நாளா சார்?” என்று கேட்டார் அக்கா. அதட்டிக் கேட்கவில்லை. கனவில் கண்ட அந்த அறையின் வாசலில் நிற்பவர் போல, மெதுவாகத்தான் கேட்டார்.

கவுன்டர்காரருக்கு இடப் பக்கம் முடித்து அடுக்கிய புகார்கள் முழங்கை உயரத்துக்கு இருந்தன. அவற்றைப் பார்த்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார். பிறகு அவர் தான் அடித்த எல்லாவற்றையும் மொத்தமாக அழித்தார். கட்டம் வெள்ளையாயிற்று. எழுந்து, கதவைத் திறந்துகொண்டு கவுன்டருக்கு இந்தப் பக்கம் வந்து, சுவரோரம் இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மேசைக்குப் பக்கத்தில் போட்டார்.

“உள்ள வந்து உக்காருங்கம்மா” என்றார் காலர்காரம்மாவிடம். “என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.”

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்பது வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. காலர்காரம்மா உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“அது நாங்க சாப்பிடுற ரூம் சார். துணி மாத்துறதும் அங்கதான்” என்று ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல, அந்த மனிதர் இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தாக, அவர் சொன்னதை மட்டும் அடித்தார்.